வடக்குச் சரிவு, ஐந்தாம் மாடி

ஸ்பூன் உதட்டருகே போகும், உதடு குவியும், பிறகு ஒரே இழுப்பு. சர்ர்ர்ர்! பழைய போர்வையை யாரோ இரண்டாகக் கிழிப்பது போன்ற அந்தச் சத்தம்தான் எங்கள் குடியிருப்புக்கே காலை அலாரம். இழுத்ததை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு காலடியில் இருக்கும் அலுமினியக் குவளைக்குள் குனிந்து துப்புவார். ஸ்பூனை வெந்நீரில் முக்கி, வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்து, சட்டைப் பையில் செருகிக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு வரும்.

"தெக்குச் சரிவு. மழை பிந்திடுச்சு. பக்கத்துல ஆரஞ்சு மரம் இருக்கு."

இந்தத் தீர்ப்பு வழங்கப்படுவது ஐந்தாம் மாடியில், சாப்பாட்டு மேஜையில். குற்றவாளிக் கூண்டில் நிற்பது அவருடைய மனைவி விடிந்ததும் விடியாததுமாக எழுந்து போட்ட காப்பி. அந்த அம்மாள் எதிரே நின்றபடி, "காப்பி எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

"மலை நல்ல மலை."

"மலையை யாரு கேட்டா? போட்டது நான்."

"நீ போட்டது தண்ணி. ருசி மலை போட்டது."

அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த அம்மாள் குவளையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைப்பார். கல்யாணமான மறுநாளிலிருந்து இதுதான் நடக்கிறது. இத்தனை வருடத்தில் அவர் போட்ட காப்பியில் ஒரு சொட்டுக்கூட இந்த மனிதரின் தொண்டையைத் தாண்டியதில்லை.

குடியிருப்பில் எல்லோருக்கும் இவர் 'சர்ரு சார்'. சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது. காப்பிக் கொட்டை வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் ருசி பார்ப்பது இவருடைய வேலை. அதற்கென்று அங்கே ஓர் அறை: வெள்ளைச் சுவர், வெள்ளை வெளிச்சம், எப்போதும் சாத்தியிருக்கும் ஜன்னல், நடுவில் சுழலும் ஒரு வட்ட மேஜை. அதன் விளிம்பைச் சுற்றி வரிசையாகக் கிண்ணங்கள். கிண்ணத்தின் முன் எண் மட்டும் இருக்கும். எந்த ஊர்க் கொட்டை என்று இவருக்கு யாரும் சொல்லக் கூடாது. வறுத்துப் பொடித்ததைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் மேலே ஏடு கட்டும். ஸ்பூனின் முதுகால் அந்த ஏட்டை உடைத்து, மூக்கைக் கிண்ணத்துக்குள்ளேயே இறக்கிவிடுவார். பிறகு மேஜையை மெல்லத் தள்ளிவிட்டு, நின்ற இடத்தில் நின்றபடி, தன்னைத் தேடி வரும் கிண்ணங்களை ஒவ்வொன்றாக உறிஞ்சி, துப்பி, மார்க் போடுவார். அந்த மார்க்கை வைத்துத்தான் முதலாளி மூட்டை வாங்குவார்.

ஒருமுறை என்னையும் அங்கே அழைத்துப் போனார். நான் அவருக்கு மேல் வீட்டுக்காரன். என் குளிர்சாதன இயந்திரத்தின் குழாய் அவருடைய பால்கனியில் சொட்டுகிறது என்று மாதம் தவறாமல் சண்டைக்கு வருவார். சண்டையில் வளர்ந்த சிநேகிதம்.

"உசரத்துல குளிரு. குளிர்ல பழம் அவசரப்படாது, மெல்லப் பழுக்கும். அதுல ஒரு புளிப்பு இருக்கும் பாருங்க, வெட்டின எலுமிச்சை மாதிரி, ஆனா பல்லு கூசாது. பள்ளத்துல விளைஞ்சது வெயில்ல வெந்து சட்டுனு பழுத்துடும். வாய் நிறைய இருக்கும், விஷயம் இருக்காது" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. செம்மண் என்றால் ஒரு இனிப்பு, எரிமலைச் சாம்பல் கலந்த மண் என்றால் வேறொரு இனிப்பு. நிழல் கொடுத்தது எந்த மரம், மூடுபனி எப்போது விலகியது, வெயில் மலையின் எந்தப் பக்கத்தில் விழுந்தது, எல்லாம் நாக்கில் வந்து நிற்குமாம். "கொட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். எங்க வளந்துச்சோ அதைத்தான் சொல்லும்."

நானும் ஒவ்வொரு கிண்ணமாக உறிஞ்சிப் பார்த்தேன். எல்லாமே எனக்குக் காப்பி மாதிரிதான் இருந்தது. அதுவும் ஆறின காப்பி.

தொழில் அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. இவர் மனிதர்களையும் விடுவதில்லை. "நம்ம வாட்ச்மேன் கடலோரத்து ஆளு. கோபத்துல உப்பு தூக்கல்" என்பார். டாக்டர் கொடுத்த இருமல் மருந்தை அவர் எதிரிலேயே உறிஞ்சி, கை கழுவும் தொட்டியில் துப்பிவிட்டு, "பள்ளத்துச் சரக்கு டாக்டர், உங்களை யாரோ ஏமாத்திட்டான்" என்று சொன்னவர். நான் சும்மா இருக்காமல், "என்னைப் பத்தி என்ன சார் நினைக்கிறீங்க?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சமவெளி சார். சீக்கிரமே பழுத்துட்டீங்க" என்றார். நான் எழுதும் கதைகளைத் திருப்பி அனுப்பும் பத்திரிகைக்காரர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நாக்கைக் காப்பதற்கு அவர் வீட்டில் பெரிய சட்டதிட்டமே உண்டு. பச்சை வெங்காயம் கிடையாது. புதினா வாசனைப் பற்பசை கிடையாது. பவுடர், சென்ட், வாசனைச் சோப்பு எதுவும் வாசற்படி ஏறக் கூடாது. லிப்டுக்குள் யாராவது மணக்க மணக்க வந்து நின்றால் இவர் இறங்கி மாடிப்படியில் ஏறுவார். வியர்த்தால் உப்பு நாக்குக்கு வந்துவிடும் என்பதால் படுக்கை அறையைக் குளிர்பெட்டி மாதிரி வைத்திருப்பார்; அந்த அம்மாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் தூங்கப் போவார்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், விழுங்கக் கூடாது.

"ஏன் சார், ஒரு வாய் விழுங்கினா என்ன ஆயிடும்?" என்று கேட்டேன்.

"வயித்துக்குள்ள போயிடுச்சுன்னா அது சொந்தமாயிடும். சொந்தக்காரனுக்கு ஒழுங்கா மார்க் போட முடியுமா? துப்பினாத்தான் சார் நியாயம்."

இதே நியாயத்தின்படிதான் அவர் எந்த மலையையும் நேரில் பார்த்ததில்லை. வளைவுப் பாதையில் வண்டி ஏறினால் குமட்டும் என்பது ஒரு காரணம். அதை வெளியே சொல்ல மாட்டார். "மலையைப் பாத்துட்டா, அப்புறம் நாக்கு கண்ணு சொல்றதைக் கேக்க ஆரம்பிச்சிடும்" என்பார். காப்பி அவருக்குத் தகர டப்பாவில் ஆரம்பித்துக் குவளையில் முடிகிற விஷயம். டப்பாவுக்கு முன்னால் அது எப்படி இருக்கும் என்று ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வேலை ஒரு பல் மருத்துவமனையில், வரவேற்பு மேஜையில். ஒருநாள் மாடிப்படியில் என்னிடம், "காலையில வீட்டுல ஒருத்தர் துப்பறார். அங்க போனா நாள் பூரா வர்றவங்க எல்லாரும் துப்பறாங்க. நான் பாக்கிற மனுஷங்களே துப்பறவங்கதான் சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த படியில் நின்றுவிட்டார். "ஒரே ஒரு வாய். நல்லா இருக்குன்னு சொல்லக்கூட வேணாம். நான் போட்டதை முழுங்கினா போதும்." எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது.

கோபப்பட்டு நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மாள்தான் செய்தார். வழக்கம்போல ஒரு காலையில் "ருசி மலை போட்டது" என்று கேட்டதும், "சரி, அப்ப நானே மலை ஆயிடறேன்" என்று சொல்லிவிட்டுக் குவளையைக் கழுவப் போனார். சர்ரு சார் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மலை பேசி அவர் கேட்டதில்லை.

அம்மாளின் தம்பி அதே கம்பெனியில் வறுக்கிற வேலையில் இருக்கிறான். மாதிரிக் கொட்டைகளைச் சின்ன உருளையில் போட்டுப் பதமாக வறுத்து அத்தானின் மேஜைக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. அவன் ஒரு தோட்டத்து மூட்டையிலிருந்து தோல் உரிக்காத புது விதையாக ஒரு பிடி எடுத்துவந்து அக்காவுக்குக் கொடுத்தான். முளைத்தவற்றில் இரண்டு பிழைத்தன. இரண்டும் பெரிய தொட்டிகளுக்கு மாறி, பால்கனியின் வடக்கு மூலையில் குடியேறின.

இதுவரைக்கும் நம்பிவிட்டீர்கள். இனிமேல்தான் சிரமம். காப்பியிலேயே பிழைக்கிற மனிதர், தன் வீட்டுப் பால்கனியில் நிற்கும் காப்பிச் செடியைப் பார்த்து, "எதுக்கு இந்தக் குரோட்டன்ஸ்?" என்று கேட்டார்.

"அழகுக்கு" என்றார் அம்மாள்.

தொட்டியில் நின்றால் அவருக்கு எல்லாமே குரோட்டன்ஸ்தான். அந்தச் செடிகளின் மேல் பனியனைக் காயப் போட்டார். இலை காலில் உரசுகிறது என்று குறைப்பட்டார். வருடங்கள் போய்ச் செடி பூத்தபோது வீடெல்லாம் மல்லிகை மாதிரி மணந்தது. "யாரு சென்ட் போட்டது? என் நாக்கு என்னாகிறது?" என்று ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அம்மாளும் தம்பியுமாகத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும்வரை அவை என் வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் விருந்தாளியாக இருந்தன. பிறகு காய்த்துப் பழுத்தபோது, "சிவப்பா என்னமோ காய்ச்சிருக்கு. குழந்தைங்க யாராவது வாயில போட்டுடப் போகுது, பாத்துக்கோ" என்று மனைவியை எச்சரித்தார் காப்பி நிபுணர்.

அம்மாள் மலையாக இருப்பதில் ஒரு குறை வைக்கவில்லை. இரவில் கணவர் தூங்கிய பிறகு தொட்டிகளைப் படுக்கை அறைக்குள் இழுத்துவந்து அவருடைய தலைமாட்டில் வைப்பார், அவர் விழிக்குமுன் வெளியே எடுத்துவிடுவார்; குளிர் அங்கேதான் இலவசம். காலையில் பால்கனிக்குப் போனால் என் வீட்டுக் குழாய் சொட்டு இலைகளில் தெறிக்கும். ஒருநாள் நான் மனசாட்சி உறுத்தி அந்தக் குழாயைச் சரிசெய்ய ஆள் வரவழைத்தேன். அம்மாள் ஓடிவந்து, "ஐயோ சார், அதுதான் எங்க மூடுபனி! தொடாதீங்க" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். பழம் ஒவ்வொன்றாகப் பழுக்கப் பழுக்கப் பறித்து, பிதுக்கி, ஊறவைத்து, கழுவி, ஜன்னலோரம் சல்லடையில் காயவைத்து, மேல்தோலை நகத்தால் உரித்து எடுத்தார். இரண்டு கை நிறையக் கொட்டை தேறியது. அதில் ஒரு கையளவைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினார். மீதியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நடந்ததைத் தம்பி வந்து சொன்னபோது நானும் இருந்தேன். அக்காவின் கொட்டையை வறுத்து, பொடித்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, மற்ற கிண்ணங்களுக்கு நடுவே வைத்துவிட்டான். மேஜை சுற்றியது. அத்தான் வழக்கம்போல உறிஞ்சிக்கொண்டே வந்தவர் அந்தக் கிண்ணத்தில் நின்றுவிட்டார். மேஜையைக் கையால் பிடித்து நிறுத்தினார். மறுபடி உறிஞ்சினார். மறுபடி.

"வடக்குச் சரிவு. நல்ல உசரம். ராத்திரியில கடுங்குளிரு. காலையில வெயில் ஏறுற வரைக்கும் மூடுபனி. கீழ எங்கயோ அருவி விழுது. மத்தியானத்துக்கு மேல பெரிய பாறை ஒண்ணு நிழல் போடுது. சுத்தி ஏதோ பூமரம், பேர் தெரியல" என்று அடுக்கினாராம். பிறகு மார்க் போட்டாராம். அவர் கை அதுவரை அவ்வளவு அதிக மார்க்கை எழுதியதே இல்லை என்றான் தம்பி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் இருக்கிறது, இல்லாதது மலை ஒன்றுதான். குளிர், அவருடைய படுக்கை அறை. மூடுபனி, என் குழாய். அருவி, தினமும் காலையில் மோட்டாரை நிறுத்த மறந்து எங்கள் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவது. பாறை, எதிரே நிற்கும் அடுக்குமாடிக் கட்டடம். பேர் தெரியாத பூமரம், பக்கத்து வீட்டு டீச்சர் துணிகளை அலசும்போது கடைசித் தண்ணீரில் ஊற்றுகிற ஊதா நிற வாசனைத் திரவம். ஈரப் போர்வைகளை அவர் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கம்பியில்தான் உலர்த்துவார்.

அம்மாள் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"துப்பிட்டாரா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "துப்பிட்டாருக்கா."

"அப்ப அது மலைக்குப் போட்ட மார்க்குடா. எனக்கில்ல."

விஷயம் இதோடு நிற்கவில்லை. மார்க்கைப் பார்த்த முதலாளி, "எந்த மலை இது? மொத்த விளைச்சலும் நமக்கு வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். தம்பி மாட்டிக்கொண்டான். வெளிக் கொட்டையை மேஜையில் வைத்தது தெரிந்தால் வேலை போய்விடும். "தபால்ல வந்த சாம்பிள், மேல ஒட்டின பேரு அழிஞ்சுபோச்சு" என்று உளறிவைத்தான். சர்ரு சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பேர் எதுக்கு? நாக்கு இருக்கு. நான் கண்டுபிடிக்கிறேன்" என்றார். அதோடு விட்டாரா? "அந்த மலை இல்லைன்னா என் நாக்கே பொய்னு அர்த்தம். ஸ்பூனைக் கீழ வெச்சிடறேன்" என்று எல்லோர் முன்னாலும் சபதம் வேறு.

வரைபடங்கள் வாங்கினார். சாப்பாட்டு மேஜையில் விரித்து, வடக்குச் சரிவுகளை எல்லாம் சிவப்புப் பென்சிலால் சுழித்தார். பூமரம் எதுவென்று தெரிந்துகொள்ளத் தாவரவியல் பேராசிரியர் ஒருவருக்குப் போன் போட்டு, போனிலேயே அந்த மணத்தை மூக்கால் இழுத்துக் காட்டினார். பேராசிரியர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். வரைபடத்துக்கு மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது குரோட்டன்ஸ் இலை காற்றில் ஆடிக் காதில் உரசும், கையால் தள்ளிவிடுவார்.

"அக்கா, சொல்லிடலாம்கா. பாவம், மனுஷன் இளைச்சுட்டாரு" என்று தம்பி கெஞ்சினான்.

"தேடட்டும். கொட்டை பொய் சொல்லாதுன்னு அவருதானே சொன்னாரு? கொட்டை சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் அம்மாள். கறாராகத்தான் சொன்னார். ஆனால் கணவர் பயணப்பையில் ஸ்பூனையும், வாந்திக்கென்று பிளாஸ்டிக் பைகளையும் எடுத்துவைத்த அன்று, என் வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டார். "ஸ்பூனைக் கீழ வெச்சிட்டா அவருக்கு வேற என்ன சார் தெரியும்? தண்ணிகூட உறிஞ்சித்தான் குடிப்பாரு." எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. சமவெளிக்காரனுக்கு அவ்வளவுதான் வரும்.

மைத்துனன் துணையோடு வாழ்க்கையில் முதல்முறையாக மலை ஏறினார் சர்ரு சார். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தாராம். எடுத்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, புல் நுனியில் நிற்கும் பனித்துளியை ஸ்பூனால் வழித்து உறிஞ்சி, துப்பி, "இது இல்ல, மேல போ" என்பாராம். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் இவர்களை வரவேற்று, சரிவின் விளிம்பில் நிறுத்தி, கையை விரித்துக் காட்டினார்.

"கண்ணுக்கெட்டின வரைக்கும் நம்ம காப்பிதான், பாருங்க."

சர்ரு சார் நன்றாகச் சுற்றிப் பார்த்தார். "அதெல்லாம் சரி. எதுக்குங்க இவ்வளவு குரோட்டன்ஸ் வெச்சிருக்கீங்க? இதையெல்லாம் வெட்டித் தள்ளினாத்தானே காப்பிச் செடி கண்ணுக்குத் தெரியும்?"

தோட்டக்காரர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் வானத்தைப் பார்த்தான்.

"சார், இதுதான் காப்பிச் செடி."

"இல்லீங்க, இது குரோட்டன்ஸ். எங்க வீட்டுலயே ரெண்டு தொட்டி நிக்குது. என் பனியனே அதுலதான் காயுது."

தோட்டக்காரர் விவாதம் செய்யவில்லை. ஒரு சிவப்புப் பழத்தைப் பறித்து, இவருடைய உள்ளங்கைக்கு மேல் வைத்துப் பிதுக்கினார். முதுகில் கோடு போட்ட இரண்டு கொட்டைகள் வழுக்கிக்கொண்டு வந்து கையில் விழுந்தன. சர்ரு சார் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாராம். உறிஞ்சவும் இல்லை, துப்பவும் இல்லை. "வண்டியைத் திருப்பு" என்றார். "இறங்கும்போது ஒரு வளைவுலகூட வாந்தி எடுக்கல சார். அதுலதான் நான் ரொம்பப் பயந்துட்டேன்" என்றான் தம்பி.

அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு விடுமுறை நாள் காலையில். பெட்டியும் கையுமாக நேரே என் வீட்டுக் கதவைத்தான் தட்டினார். பழைய சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் பதிலைத் தயார் செய்துகொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் பால்கனிக்குப் போனார். குழாயடியில் ஸ்பூனை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்தார். சர்ர்ர்ர்! வெளியே எட்டித் துப்பினார்.

"ம். மூடுபனி" என்றார்.

பிறகு மொட்டைமாடிக்குப் போய், வழிந்துகொண்டிருந்த தொட்டியை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். அங்கிருந்து இறங்கி, டீச்சர் கம்பியில் விரித்திருந்த ஈரப் போர்வையில் முகத்தைப் புதைத்து இழுத்து மோந்தார். டீச்சர் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் விசிலோடு ஓடிவந்தார். "மன்னிச்சிடுங்கம்மா. பூமரம் எதுன்னு தேடிட்டு இருந்தேன்" என்று கும்பிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் நுழைந்தார். நானும் தம்பியும் பின்னாலேயே போனோம். இந்த மாதிரிச் சமயத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்க நான் ஒன்றும் துறவி இல்லை.

அம்மாள் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். செடிகளின் மேல் தொங்கிய பனியனைச் சர்ரு சார் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எதிர்க் கட்டடத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"ராத்திரி இதை எங்க வெப்பே?"

"நம்ம ரூம்ல. உங்க தலைமாட்டுல."

"அதான் குளிரு" என்றார்.

அப்போது போன் அடித்தது. முதலாளி. அவர் போடுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

"கெடைச்சுது" என்றார் சர்ரு சார். "ஆமா, வடக்குச் சரிவுதான். ஒரு நிமிஷம் இருங்க." போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் கேட்டார். "விப்பியா?"

"விக்க மாட்டேன்."

"விக்க மாட்டாங்களாம்" என்றார் போனில். "யாரா? ஒரு அம்மா. ரொம்பப் பிடிவாதம். பேசிப் பிரயோசனமில்லை." சட்டென்று வைத்துவிட்டார். தம்பிக்கு உயிர் திரும்பி வந்தது.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் அம்மாள் சமையலறைக்குப் போனார். எடுத்து வைத்திருந்த மீதிக் கொட்டையை வாணலியில் போட்டு வறுத்தார். இந்த வீட்டில் முதல்முறையாக ஒரு மணம் தடையில்லாமல் கூடம்வரை வந்தது. யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. காப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் வெந்நீர். காலடியில் அலுமினியக் குவளை. கை பழக்கத்தில் செய்தது, அவராக வைத்ததல்ல என்றுதான் நினைக்கிறேன். பிறகு எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

ஸ்பூன் உதட்டருகே போனது. சர்ர்ர்ர். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வழக்கம்போலக் குவளையை நோக்கிக் குனிந்தார். அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்தக் குவளையை எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். துப்புகிற சத்தம் வரவில்லை. நிமிர்ந்தபோது அவருடைய தொண்டைக்குழி ஒருமுறை மேலே ஏறிக் கீழே இறங்கியது. முதல்முறையாகக் காப்பி குடிக்கும் குழந்தை மாதிரி இரண்டு இருமல் இருமினார்.

"காப்பி எப்படி இருக்கு?" என்று கேட்டார் அம்மாள்.

சர்ரு சார் வாயைத் திறந்தார். சரிவு, மழை, மரம் எதுவும் வரவில்லை. ஸ்பூனைப் பார்த்தார், வெந்நீரைப் பார்த்தார். முக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. காப்பி சொட்டுகிற ஸ்பூனை அப்படியே தன் வெள்ளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.